பாட்டுப்பெட்டிக்குத் தெரியாத விரல்

அந்த மெஷினுக்குத் தெரிந்தது இரண்டே வாக்கியம். விரலை ஏற்றுக்கொண்டால் ஒரு பெண் குரல் ‘தேங்க்யூ’ என்று சொல்லும். ஏற்காவிட்டால் அதே குரல், கொஞ்சமும் இனிமை குறையாமல், ‘ப்ளீஸ் ட்ரை அகைன்’ என்று சொல்லும். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அம்மா ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தாள். காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் இனி கைரேகைதான் என்று சொல்லி, அந்த வருடம் கேட்டருகே சுவரில் மெஷினை மாட்டியிருந்தார்கள். மாட்டிய அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அம்மா என்னிடம் கேட்டாள்.

“டேய், பிலீஸ் டைரகன்னா இன்னாடா?”

எனக்குப் புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். அந்தக் குரலின் இழுப்போடு, தலையைக்கூட லேசாகச் சாய்த்து, சொல்லிக் காட்டினாள். அப்போதுதான் பிடிபட்டது.

“இன்னொரு வாட்டி வையின்னு அர்த்தம்மா.”

“எத்தினி வாட்டிடா வெக்கிறது? கட்ட வெரலு வெச்சேன், ஆள்காட்டி வெச்சேன், சுண்டு வெரலுகூட வெச்சிப் பாத்துட்டேன். எனக்குப் பின்னால நின்னவளுங்களுக்கெல்லாம் தேங்க்யூ சொல்லிச்சு. எனக்கு மட்டும் அதான்.”

அப்பா சுங்குவார்சத்திரத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கட்டிலில் கால்நீட்டிக்கொண்டு சொன்னார்:

“உன்கிட்ட மட்டும் மரியாதையா பேசுது மே. எங்கிட்ட யாருனா பிலீஸ்னு சொல்லிக்கிறாங்களா?”

“நீ கம்முனு கெட,” என்றாள் அம்மா. ஆனால் சிரித்தாள். அன்றைக்கு எங்களுக்கு அது சிரிக்கக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது.

அம்மாவின் வேலை, மெஷின்கள் சிந்தும் எண்ணெயைத் தரையிலிருந்து எடுப்பது. சோப்பு ஆயில், ஆசிட், கரடுமுரடான பிரஷ். கையுறை கொடுப்பார்கள், இரண்டு நாளில் விரல்நுனியில் கிழிந்துவிடும், அடுத்தது மாதம் பிறந்தால்தான். பல வருடம் அப்படித் தேய்த்துத் தேய்த்து அவள் விரல்நுனிகள் பளபளவென்று, காய்ப்புக் காய்த்து, மொழுக்கென்று ஆகிவிட்டிருந்தன. பதிவு எடுத்த நாளில் எப்படியோ ஒரு தடவை ஏற்றுக்கொண்ட மெஷின், அதற்குப் பிறகு அவளை அடையாளம் கண்டுகொள்ளவே இல்லை.

ஆரம்பத்தில் சூப்பர்வைசர் அவள் பெயரைத் தனித்தாளில் எழுதிக்கொண்டார். பிறகு காண்ட்ராக்டர் ஆபீஸிலிருந்து செய்தி வந்தது. ஆயுத பூஜை வரைக்கும்தான் தாள். பூஜைக்கு மறுநாளிலிருந்து மெஷினில் விழுந்தால்தான் ஆள். விழாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

அதன்பிறகு வீட்டில் அந்த விரல்கள்தான் எல்லாப் பேச்சும். தேங்காய் எண்ணெய் தடவினாள். யாரோ சொன்னார்கள் என்று எலுமிச்சைத் தோலைத் தேய்த்தாள். தேய்ந்த ரேகை தானாக வளரும், கொஞ்சநாள் கையைச் சும்மா விட்டால் போதும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதை நம்பி, வீட்டில் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள். அந்த வேலை அப்பாவுக்கு வந்தது. வாசலில் குழாயடியில் லுங்கியை மடித்துக் கட்டி உட்கார்ந்து அவர் சட்டி தேய்ப்பதைப் பார்த்து, தெருவில் போகிறவர்கள் ஆட்டோ கழுவப் பழகுகிறாயா என்று கேட்டார்கள். “வூட்ல ரேக வளக்கறோம். வெளஞ்சதும் உனுக்கும் ஒரு படி தரேன்,” என்று அப்பா பதில் சொல்வார். தினமும் சாயங்காலம் அம்மா செருப்பைக் கழற்றும்போது அப்பா கேட்பார்: “தேங்க்யூ சொல்லிச்சா?” அம்மா உதட்டைப் பிதுக்குவாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறியவன் நான்தான். அப்பா பஸ்ஸைக் கண்டக்டர் கூவலை வைத்துக் கண்டுபிடிப்பார். அம்மாவுக்கு ரூபாய் நோட்டு நிறத்தில் தெரியும், எழுத்து தெரியாது. நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்து, சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் செய்யும் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். என் லைனில் எனக்குக் கொடுத்த வேலை டச் டெஸ்டிங். பெல்ட்டில் வரும் ஒவ்வொரு போனிலும் மூலைக்கு மூலை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். திரை பதில் சொன்னால் பாஸ், சொல்லாவிட்டால் ரிஜக்ட். ஷிஃப்ட் முழுக்கக் கண்ணாடியைத் தொடுவதுதான் என் பிழைப்பு.

பாட்டுப்பெட்டி யோசனை ஆடி மாதத்தில் வந்தது. ஊர் முழுக்கக் கூழ் ஊற்றும் சீசன். கோயில் குழாய் ஸ்பீக்கரில் பிடித்த பாட்டு வந்துவிட்டால், குடத்தை இடுப்பில் வைத்தபடி அம்மா குழாயடியிலேயே நிற்பாள். பாட்டு முடிந்தால்தான் நகர்வாள். வீட்டில் ஒரு காலத்தில் டேப் ரெகார்டர் இருந்தது. அது போனபின் பாட்டு என்பது என் செல்போனில்தான். போனோ என்னோடு ஷிஃப்டுக்கு வந்துவிடும். வீட்டில் நான் இருக்கும் நேரத்தில், “டேய், அந்தப் பாட்டப் போடேன்,” என்பாள். நான் தூங்கிக்கொண்டிருந்தால் கேட்கமாட்டாள். ஒருநாள் நானே, என்னம்மா கேட்கவே மாட்டேங்கிற, என்றேன்.

“பாட்டு உன் கைல கீது. நீ எய்ந்தாத்தானே,” என்றாள் சாதாரணமாக.

அது எனக்குள் குத்திக்கொண்டது. அவள் யாரையும் கேட்காமல், எழுத்து ஒன்றும் படிக்காமல், தானே தொட்டுப் போட்டுக்கொள்ளும்படி ஒன்று செய்துகொடுக்க வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தேன். அவள் பிறந்தநாள் எது என்று யாருக்கும் தெரியாது. அதனால் நாள் கிழமை பார்க்கவில்லை. கேட்டில் அவள் படும்பாட்டுக்கு என்னால் செய்யக்கூடியது எதுவும் இல்லாததால், செய்யத் தெரிந்ததைச் செய்தேன் என்றும் சொல்லலாம்.

எங்கள் கம்பெனியிலிருந்து ஒரு ஸ்க்ரூகூட வெளியே வராது, வெளியேறும்போது அப்படிச் சோதிப்பார்கள். எனவே வாராந்திர லீவில் சென்னைக்குப் பஸ் ஏறி, ரிச்சி தெருவில் அலைந்து, பேட்டரி உப்பிப்போன சைனா டேப்லெட் ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் இரண்டு திரைகளைக் காட்டினார். ஒன்று பழைய பில் மெஷினுடையது, அழுத்தினால்தான் கேட்கும். இன்னொன்று இந்த டேப்லெட். “இது நம்ம செல்போன் மாதிரி தம்பி, சும்மா லேசாத் தொட்டாப் போதும்,” என்றார். அம்மா விரலை அழுத்தவே வேண்டாம் என்று சந்தோஷமாக இதை எடுத்துக்கொண்டேன்.

லைனில் எனக்கு அடுத்து நிற்பவன் தென்காசிப் பக்கத்துக்காரன், குன்றத்தூரில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் லீவு நாளில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். எங்களுடையது தொகுப்பு வீடு. ஒரே கூடம், மூலையில் சமையல், மறுபக்கம் கட்டில், வாசலை ஒட்டிக் குழாயடி. பெட்டியை எங்கே வைத்தாலும் அம்மாவுக்கு ஏதோ ஒரு பக்கத்தில் முதுகுதான் காட்டும்.

“அப்பம் அது திரும்பணும்லே,” என்றான் நண்பன். “கோழி மாரி. எங்கிட்டு அரிசி போட்டாலும் அங்கிட்டுத் தல திரும்பணும்.”

ஒரகடம் ரோட்டோரம் பழைய இரும்புக் கடையில், ஏதோ ஆபீஸ் தூக்கிப்போட்ட சுழல் நாற்காலி கிடைத்தது. இருக்கையையும் சக்கரங்களையும் கழற்றிவிட்டு, தண்டையும் அடிக்காலையும் வைத்துக்கொண்டோம். வெல்டிங் கடையில் தண்டை நீட்டி, தலையில் ஒரு தகடு வைத்து, அதன்மேல் பிளைவுட் பெட்டி. பெட்டியின் நெற்றியில் டேப்லெட், இரண்டு கன்னத்திலும் கார் ஸ்பீக்கர், உள்ளே சின்ன ஆம்ப்ளிஃபையர். முதல் தடவை சுற்றிவிட்டபோது அது ராட்டினம் மாதிரி சுற்றி, ஒயரைக் கயிறாக முறுக்கி அறுத்துக்கொண்டது. அப்புறம் ஒரு போல்ட்டைத் தடையாக வைத்தோம். சமையல் மூலை, கட்டில், குழாயடி என்று மூன்று பக்கமும் போகும். அதைத் தாண்டினால் டக்கென்று நிற்கும்.

“இன்னாடா இது, டிவியா, டேபிள் ஃபேனா?” என்றார் அப்பா. “நாக்காலிக்கு மூஞ்சி மொளச்ச மாதிரி கீது.”

கஷ்டமான வேலை பாட்டுகளுக்குப் படம் வைப்பதுதான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, எனவே ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு படம் வேண்டும். எதற்கு என்று சொல்லாமல் ஒவ்வொரு பாட்டாகப் பேச்சுக்கொடுத்தேன். அப்போதுதான் தெரிந்தது, அம்மாவிடம் பாட்டுக்குப் பெயரே கிடையாது, இடம்தான் உண்டு. சத்திரம் பஸ் ஸ்டாப்பு டீக்கடையில் போடுவானே அது. உங்கப்பன் ஆட்டோ வாங்குன அன்னிக்குப் போட்டது. வல்லக்கோட்டை கிருத்திகையில் போடுவது. நீ அம்மையில் படுத்திருந்தப்போ பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்டது. நான் செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டு திரிந்தேன். டீ கிளாஸ், ஆட்டோவின் முன்கண்ணாடி, கோபுரம், ஒரு கொத்து வேப்பிலை. பாலிடெக்னிக்கில் அரைகுறையாகக் கற்ற வெப்பேஜ் வித்தையில், படத்தைத் தொட்டால் பாட்டு பாடும்படி செய்து முடித்தேன். டெஸ்டிங்கும் செய்தேன், லைனில் செய்வதுபோலவே, மூலைக்கு மூலை. என் விரலுக்கும் நண்பன் விரலுக்கும் ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பனும் இருக்கும்போது, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முதலில் படங்களைத்தான் பார்த்தாள்.

“தே, நம்ம டீ கிளாசு! தோ ஆட்டோ. ஐய, வேப்பல எதுக்குடா?”

“தொட்டுப் பாரும்மா.”

புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள். நன்றாக, ஈரம் இல்லாமல், சாமி படத்தைத் தொடுவதற்கு முன் துடைப்பதுபோல. அப்புறம் ஆள்காட்டி விரலை டீ கிளாஸின் மேல் வைத்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

“லேசா எடுத்துட்டு வைம்மா.” வைத்தாள். “கொஞ்சம் அழுத்தி.” அழுத்தினாள். நடு விரல். கட்டை விரல். திரை சும்மா வெளிச்சமாக இருந்தது. “அடாப்டர் சரியில்லம்மா, சைனா அடாப்டரு, அதான்,” என்றேன். நண்பனும், “ஆமாம்மா, கரண்ட்டு கூடக்குறைய வருது,” என்று கூடச்சேர்ந்தான். அதற்குள் அப்பா, “நவுரு மே,” என்று குனிந்து, சோப்புக் கையோடு அல்ல, சும்மாதான், ஆட்டோவின் மேல் விரலை வைத்தார். பாட்டு கூடம் நிறைய எழுந்தது.

அம்மா அப்பாவின் விரலைப் பார்த்தாள். தன் விரலைப் பார்த்தாள்.

“இதுவும் அந்த மெஷினுக்குத் தங்கச்சிதானா?” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நல்லா கீதுடா. யார் செய்வாங்க இந்த மாதிரி? நீங்க போடுங்க, நான் கேக்கறேன்,” என்று அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

எங்கள் லைனில் கையுறை போட்ட கையோடு திரையைத் தொடக்கூடாது என்பது முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம். உறை போட்ட விரலைக் கண்ணாடிக்குத் தெரியாது. அம்மாவின் விரல்மேல் அவள் வேலையே ஒரு உறையை மாட்டிவிட்டிருந்தது. அதைத் தினமும் பார்த்துக்கொண்டும், தினமும் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டும் இருந்த எனக்கு இரண்டும் ஒன்றாகச் சேரவே இல்லை. பில் மெஷின் திரையை வாங்கியிருந்தால் இந்த வினையே இல்லை. அடுத்த சம்பளத்தில் மாற்றிவிடலாம் என்று நண்பனிடம் சொன்னேன். அதுவரைக்கும் திரையில் தட்டுகிற ரப்பர் முனைப் பேனா ஒன்றை வாங்கி, நூலில் கட்டி, பெட்டியில் தொங்கவிட்டேன்.

அம்மா அதை ஒருதடவை எடுத்துப் பார்த்தாள். “கையில தொடாத, குச்சியால தொடுன்றியா?” என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டாள். கோபமாகக்கூட இல்லை. அதற்குமேல் பெட்டிக்கு ஒரு பழைய துண்டு போர்வையானது. தூசி படுகிறதாம்.

ஆயுத பூஜை நெருங்க நெருங்க வீட்டில் பேச்சு குறைந்தது. அப்பா சாயங்காலத்தில் கேட்பதை விட்டுவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அம்மா ஒரு கையின் விரல்நுனியை இன்னொரு கையால் தடவிக்கொண்டே இருப்பாள், ரேகை எழும்புகிறதா என்று. என் சம்பளம் இருக்கிறதே, வேலை போனால் போகட்டும் என்று ஒருதடவை சொன்னேன். “உன் சம்பளம் உனுக்கு. நாளிக்கு உனுக்கும் பொண்டாட்டி வருவா. நான் போய் அவகிட்ட பூ வாங்கக் காசு கேட்டுக்கினு நிக்கணுமா?” என்றாள். பாட்டுக்கும் சரி பூவுக்கும் சரி, அவள் பயந்தது கேட்டுக்கொண்டு நிற்பதற்குத்தான்.

பூஜையன்று காலையில் ஆட்டோவைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கத் தயாராக வைத்திருந்தார் அப்பா. அம்மா கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு வீட்டில் உழைக்கிற எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். அரிவாள்மணை, கேஸ் அடுப்பு, மிக்ஸி, என் ஸ்க்ரூ டிரைவர்கள். பாட்டுப்பெட்டியின் முன் வந்து நின்றாள். நான் முந்திய நாள் நண்பனோடு பாட்டு கேட்டுவிட்டு அணைக்காமல் விட்டிருந்தேன். துண்டை எடுத்தாள். எங்கே பொட்டு வைப்பது என்று பார்த்து, மூஞ்சியில்தான் என்று முடிவுசெய்து, சந்தனம் சொட்டும் விரலைக் கண்ணாடியில் வைத்தாள்.

டீக்கடைப் பாட்டு பாட ஆரம்பித்தது.

விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். பாட்டு ஓடியது. மறுபடி கிண்ணத்தில் தோய்த்து, சந்தேகமாக, கோபுரத்தின் மேல் வைத்தாள். டீக்கடை நின்று கிருத்திகை வந்தது.

“யோவ்!” என்று அப்பாவைக் கூப்பிட்டாள், தெருவே கேட்கும்படி. “தேங்க்யூ சொல்லிச்சுய்யா!”

அப்பா எலுமிச்சம்பழத்தோடு ஓடிவந்தார். அம்மா ஒவ்வொரு படமாகத் தொட்டாள். ஒரு பாட்டையும் முழுதாகப் பாடவிடவில்லை. திரை முழுக்கச் சந்தனம் வழிந்தது. வேப்பிலை கண்ணுக்கே தெரியவில்லை. பெட்டியைத் தெருப்பக்கம் திருப்பி, எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, அவள் பார்க்கும்போது ஒருதடவை தொட்டுக் காட்டினாள். காய்ந்த தோலுக்கு ஈரம் போதும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அவள் கையை ஈரமில்லாமல் துடைத்துவிட்டுத்தான் தொட்டிருந்தாள்.

பெட்டிமேல் கையை வைத்தபடி அம்மா என் பக்கம் திரும்பினாள். “டேய். ஈர வெரலு வெச்சா எடுக்குதுன்னா, அங்கியும் எடுக்கும்ல?”

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் சில சமயம் வறண்ட விரலுக்கு ஈரம் உதவும் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். அவள் முகத்தில் அவ்வளவு நாளுக்குப் பிறகு வெளிச்சம் வந்திருந்தது. “வெச்சுப் பாரும்மா,” என்றேன்.

மறுநாள் எனக்கு இரண்டாவது ஷிஃப்ட். நானே பைக்கில் அவளை ஒரகடத்துக்குக் கூட்டிப்போனேன். ஈரத்துணியைச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இடுப்பில் செருகியிருந்தாள். முந்திய நாள் பூஜையின் பொரி கேட் வாசலில் இறைந்து கிடந்தது. கைரேகை மெஷினின் நெற்றியிலும் யாரோ சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து அம்மா எனக்குச் சாடை காட்டினாள், நம்ம ஆளுதான் என்பதுபோல.

அவள் முறை வந்தது. டப்பாவைத் திறந்து விரலை நனைத்து வைத்தாள். நான் ரோட்டோரம் நின்றிருந்தேன். அந்தக் குரல் அங்குவரை கேட்டது.

ப்ளீஸ் ட்ரை அகைன்.

துடைத்து நனைத்தாள். வேறு விரல். இன்னொரு கை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முதலில் “மெதுவா வெய்க்கா” என்றார்கள், பிறகு “ஷிஃப்ட்டு டைம் ஆவுதுக்கா” என்றார்கள். அம்மா ஒதுங்கி எல்லாரையும் விட்டாள். தேங்க்யூ, தேங்க்யூ, தேங்க்யூ என்று அவர்கள் உள்ளே போனார்கள். கடைசியாக மறுபடி வைத்தாள். அதே பதில்.

நான் கேட்டருகே போய், அங்கே நின்ற சூப்பர்வைசரிடம் பேசினேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கும்.

“சார், இந்த மெஷின்ல கார்டு வசதியும் இருக்கும். இவங்களுக்கு மட்டும் கார்டு போட்டுக் குடுக்கலாமே?”

“இருக்கு தம்பி, எனக்குத் தெரியாதா? ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க. அப்புறம் இவ கார்ட அவ அடிப்பா, அவ கார்ட இவ அடிப்பா. அதுக்குத்தானே வெரலே கொண்டாந்தாங்க?” பிறகு அம்மாவிடம், குரலைத் தாழ்த்தி: “நான் இன்னா பண்றது யக்கா? மேல சொல்லிட்டாங்க. மெஷின்ல விழலன்னா நீ உள்ள இருந்தாலும் இல்லாத கணக்குதான்.”

அம்மா அவரிடம் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். டப்பாவை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு, “வா, போலாம்,” என்றாள்.

வல்லக்கோட்டை வழியாகத் திரும்பினோம். கோபுரம் தெரிந்ததும் வழக்கமாகக் கன்னத்தில் போட்டுக்கொள்பவள், அன்றைக்குப் போட்டுக்கொண்டாளா என்று கண்ணாடியில் எனக்குத் தெரியவில்லை. அப்புறம் காதுக்குப் பின்னால் குரல் கேட்டது.

“வூட்ல எடுக்குதே. இங்க ஏன்டா எடுக்கல?”

“வீட்டுல இருக்கற பெட்டிக்கு விரல் இருந்தாப் போதும்மா. இதுக்கு ரேகை வேணும்.”

“ரேக எங்க போச்சு?”

“தேஞ்சிடுச்சு.”

“எங்க தேஞ்சிச்சு?”

நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

“அங்கியேதானே தேஞ்சிச்சு,” என்றாள். “அத்தினி வருசமா அந்தத் தரையிலதானே தேச்சேன். அப்போ ரேக உள்ளதான் கீது. என்னத்தான் வெளிய வுட்டுட்டானுங்க.”

அதற்குப் பிறகு பல நாள் பாட்டுப்பெட்டி கட்டில் பக்கமாகவே திரும்பி நின்றது, துண்டோடு. பூஜைச் சந்தனம் கண்ணாடியில் காய்ந்து வெடித்திருந்தது. துடைக்கட்டுமா என்று கேட்டேன். பொட்டைத் துடைக்காதே என்றாள். அப்பா எப்போதாவது “பாட்டு போடு மே” என்பார். “நீயே போடு” என்பாள். ரேகை வளர்ப்பதற்கு இனிக் காரணம் இல்லாததால் பாத்திரம் தேய்க்கும் வேலை அம்மாவிடம் திரும்ப வந்தது. அப்பா மறுத்துப் பார்த்தார். “ஆம்பள தேச்ச சட்டி, அடி கருப்பு அப்படியே கீது,” என்று பிடுங்கிக்கொண்டாள்.

ஒருநாள் முதல் ஷிஃப்ட் முடிந்து, மத்தியானம் சாய்ந்த வேளையில் தெருமுனையில் திரும்பியபோது டீக்கடைப் பாட்டு கேட்டது. வீட்டில் அப்பா இருக்கும் நேரம் அல்ல அது. வாசலுக்கு வந்தேன். பெட்டி வாசற்படியை ஒட்டி நின்று, குழாயடியைப் பார்த்து, தடை போல்ட் முட்டும்வரை திரும்பியிருந்தது. அம்மா வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் எழுந்திருக்காமல், சோப்பு நுரை வழியும் கையை அப்படியே நீட்டி, ஆட்டோவைத் தொட்டாள். பெட்டி உடனே கேட்டது. குழாயடியில் அவள் கை எப்போதும் ஈரம். மூன்று பக்கமும் திரும்பும் பெட்டிக்கு அவளை அடையாளம் தெரிந்தது அந்த ஒரு பக்கத்தில்தான்.

“தண்ணி உள்ள போச்சுன்னா போயிடும்மா,” என்றேன்.

“போனா இன்னா? நீ இன்னொண்ணு செய்யமாட்டியா?” தலை நிமிராமல் சட்டியைத் தேய்த்தாள். பிறகு சொன்னாள்: “சத்திரத்துல லேடீஸ் ஆஸ்டல்ல சமையக்கட்டுக்கு ஆள் கேட்டாங்க. நாளிலேர்ந்து வர்றேன்னு சொல்லிட்டேன்.”

சம்பளம் குறைவு என்று எனக்குத் தெரியும். பி.எஃப். கிடையாது. மலைமலையாகப் பாத்திரம். அந்தக் கை இன்னும் என்ன ஆகும் என்று நினைத்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

“அங்க மெஷின் இருக்கா?”

“அதான் மொதல்ல கேட்டேன். இல்லியாம். கேட்டாண்ட வரிசையா நிக்க வெச்சி, பேரு சொல்லிக் கூப்புடுவாங்களாம்.” கொஞ்சம் தயங்கினாள். “கூப்ட்டா இன்னாடா சொல்லணும்? கீறேன்னு சொன்னாப் போதுமா? இஸ்கோல்ல நீங்கல்லாம் இன்னா சொல்லுவீங்க?”

அவளை யாரும் எந்த வரிசையிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“உள்ளேன் ஐயான்னு சொல்வோம்மா.”

“உள்ளியா?” அம்மா சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “வெளிய கேட்டாண்ட நின்னுக்கினு, உள்ள கீறேன்னு சொல்றதா? அது பொய்யில்ல?”

உள்ளே என்பது வேறு, உள்ளேன் என்பது வேறு. இருக்கிறேன் என்று அர்த்தம் என்று விளக்கினேன். அவள் நுரைக்கையால் நெற்றி மயிரை ஒதுக்கிக்கொண்டு, பாட்டுக்கு நடுவே, யாருக்கும் கேட்காதபடி அதை ஒருதடவை சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாக. அப்புறம் குழாயைத் திறந்து கையை நன்றாக நனைத்துக்கொண்டு, அடுத்த பாட்டைத் தொட்டாள்.